கூடலூர் மணற்கல்

கேப்பர் மலைக்குப் பின்னால், முந்திரித் தோப்பில்
எட்டாம் நாளாக ரிக் ஓடுகிறது.
இருநூற்றுப் பத்து மீட்டர்.
இன்னும் அதே மணல்.
அதே என்பதும் சோம்பல்தான்:
காலையில் வந்தது குங்குமம்,
மத்தியானம் வந்தது ஊறிய புழுங்கலரிசி,
இப்போது வருவது எதுவென்று
பெயர் வைக்கத்தான் எனக்குச் சம்பளம்.

கலிவரதனுக்குச் சம்பளம் துளை போட.
ஆனால் பெயரை அவர் முதலில் வைத்துவிடுகிறார்.
"செங்கப்பொடி முடிஞ்சிது சார். இது நொய்யி.
இனிமே பசை வரும், ராடைப் புடிச்சிக்கும்."

பசை வருகிறது. இரண்டரை மீட்டர் வெள்ளைக் களிமண்.
என் நோட்டில் அதற்கு ஓர் எழுத்து, ஓர் எண்.
முக்கால் கிலோமீட்டர் தள்ளி
போன மாதம் போட்ட துளையில் அது இல்லை.
ஆறு அன்று அந்தப் பக்கம் போகவில்லை,
அல்லது போய், மனம் மாறி,
போட்டதை வாரிக்கொண்டு போயிற்று.
இரண்டு துளைக்கும் நடுவே ஓடும் புள்ளிக்கோடு
என் பென்சில் போட்டது.
ஆற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஒரு கிளிஞ்சல் கிடைத்தால் போதும்.
கடலில் படிந்த பாறை புண்ணியம் செய்தது;
கையளவு கல்லில் ஆயிரம் நுண்சிப்பி,
ஒவ்வொன்றும் தன் காலத்தைச் சுழியாகச் சுற்றி வைத்திருக்கும்.
வெகு ஆழத்தில், அடியில், அப்படி ஒன்று உண்டு.
மேலே நேற்றைய கெடிலத்து வண்டல்.
நடுவில் இந்தச் சிவப்பு.

மகரந்தம் தேடி நாற்பது பொட்டலம்
புதுச்சேரிக்கு அனுப்பினேன்.
ஃபெலிசித்தா மேடம் அமிலத்தில் கரைத்து, வடித்து,
கண் பூக்கப் பார்த்துவிட்டுப் போன் செய்தார்.
"முப்பத்தொன்பதில் ஒன்றுமில்லை, துரு தின்றுவிட்டது.
நாற்பதாவதில் ஒரே ஒரு மணி. முந்திரி.
உங்கள் ஆள் பையைத் திறந்து வைத்திருந்தாரா?"

கல்மரம் இருக்கிறதே என்பார்கள்.
இருக்கிறது. வேரில்லாமல், கிளையில்லாமல், படுத்து.
எந்த மேட்டில் நின்றதோ, எந்த வெள்ளத்தில் வந்ததோ.
குடியிருப்பவரின் ரேஷன் கார்டைப் பார்த்து
வீடு கட்டிய வருஷம் சொல்வதா?

அலுவலகப் படிவத்தில் பதினான்காம் கட்டம்: வயது.
எண் மட்டும், என்கிறது கணினி.
கேள்விக்குறி போட்டால் சிவக்கிறது.
'தெரியாது' என்றாலும் சிவக்கிறது.
எனக்கு முன் இருந்தவர் மயோசீன் என்றார்,
அவருக்கு முன் இருந்தவர் பிளியோசீன்.
யாரோ நடுவில் ஒரு சின்னக் கோடு கிழித்து
இரண்டையும் ஒட்டவைத்து வீட்டுக்குப் போனார்.
அந்தச் சின்னக் கோட்டுக்குள்
ஏறக்குறைய இரண்டு கோடி வருஷம்.

பெயராவது சரியா?
மணற்கல் என்கிறோம், விரலில் தேய்த்தால் உதிர்கிறது.
புதுக்கோட்டைப் பக்கம் கிடந்தாலும் கடலூர் என்கிறோம்.
கடல் என்கிறோம்,
நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பே இல்லை.

கூடலூராக இருந்த ஊர்.
கும்பெனிக்காரன் வாயில் நசுங்கி
நம் வாய்க்குத் திரும்பியபோது கடல் ஆகியிருந்தது.
ஊருக்கு அது பழகிவிட்டது, அலையும் பக்கத்தில்தான்.
இந்தப் பாறைக்குத்தான் பழைய பெயர் வேண்டும்:
ஆறுகள் கூடி, சுமை இறக்கி,
ரசீது தராமல் பிரிந்த இடம்.

ஆறரைக்கு ரிக் நின்றது.
பேருந்தில் மடிமேல் மாதிரிப் பை;
ஈரம் பேண்டில் இறங்கிக்கொண்டிருந்தது.
"எங்க?"
கூடலூர், என்றேன்.
"அதுக்கு ஊட்டி வண்டி ஏறணும்,"
மிஷினை அழுத்தியபடியே பையைப் பார்த்தார்.
"என்னா, மீனா?"
மண்.
"மண்ணுக்கு லக்கேஜ் இல்ல" என்று
தேதி, மணி, நிமிஷம் அச்சடித்த சீட்டை
நீட்டினார்.